விசிறிகளை எண்ண வேண்டாம், காற்றின் வழியைப் பாருங்கள்

பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் இருந்தபோது நான்காம் படிவ மாணவன் ஒருவன் அறிவியல் கூடத்துக்கு வந்தான். "டீச்சர், வீட்டு கம்ப்யூட்டர் போயிடுச்சு. திறந்து இருபது நிமிஷத்துல தானாவே அணைஞ்சிடுது" என்றான். கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். பழைய மாடல், இனி இதற்குச் செலவு செய்வது வீண், புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அப்பா லோரி ஓட்டுநர். அந்த ஒரே கணினியில்தான் அவனும் தங்கையும் பள்ளி வேலைகளைச் செய்கிறார்கள்.

நண்பர்கள் வேறு யோசனை சொல்லியிருந்தார்கள். வண்ண விளக்கு எரியும் விசிறிகள் மூன்றை வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்பது அவர்கள் கருத்து. தீபாவளி அங்பாவ் பணம் 120 ரிங்கிட்டை அதற்காக எடுத்து வைத்திருந்தான். எந்த விசிறி நல்லது என்று கேட்கத்தான் என்னிடம் வந்திருந்தான்.

"இப்போதைக்கு எதையும் வாங்காதே. சனிக்கிழமை கணினியைப் பள்ளிக்குக் கொண்டு வா" என்றேன்.

அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். மாணவர்களே, அதற்கு முன் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணினி சூடாகிறது என்றதும் நம்மில் பலர் விசிறியின் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறோம். இரண்டு போதாது, ஆறு மாட்டு என்கிறோம். வெப்பம் எங்கே பிறக்கிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியைக் கேட்காததால் பணம் வீணாகிறது. இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடிய கணினிகளும் குப்பைக்குப் போகின்றன. அதைக் கேட்பதற்குத் தேவையான அறிவியல் ஏற்கனவே உங்கள் பாடநூலில் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம்.

விசிறி எதையும் குளிராக்குவதில்லை

ஒரு வெப்பமானியை மேசை விசிறியின் முன்னால் வைத்துப் பாருங்கள். விசிறி சுற்றுவதற்கு முன் 31 டிகிரி செல்சியஸ் காட்டினால், சுற்றிய பின்னும் அதே 31தான் காட்டும். அப்படியென்றால் நமக்கு மட்டும் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? நம் தோலில் வியர்வை இருக்கிறது. காற்று அதை வேகமாக ஆவியாக்குகிறது. அதோடு, நம் உடலைச் சுற்றிச் சூடாகி நிற்கும் காற்றையும் தள்ளிவிடுகிறது.

கணினிக்கு வியர்ப்பதில்லை. ஆகவே அதன் விசிறி செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்றுதான். சூடான காற்றை அப்புறப்படுத்தி, அந்த இடத்துக்கு அறையின் காற்றைக் கொண்டு வருவது. எத்தனை விசிறி மாட்டினாலும் கணினியின் எந்தப் பாகத்தையும் அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது.

இதை மறந்துவிட்டுத்தான் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். இணையத்தில் கணினி ஒன்றைச் சோதிக்கும் காணொளியைப் பார்க்கிறீர்கள். செயலி 65 டிகிரியில் நிற்கிறது. அதே கணினி உங்கள் வீட்டில் 75ஐத் தொடுகிறது. உடனே பழுது என்று நினைத்துவிடுகிறீர்கள். அவர்கள் சோதித்த அறை 21 டிகிரி. நம் வீட்டில் பிற்பகலில் 31 டிகிரி. அறை 10 டிகிரி கூடினால், அதே வேலையைச் செய்யும்போது செயலியும் ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். உங்கள் கணினியில் குறை ஒன்றும் இல்லை.

அறை வெப்பநிலைக்குக் கீழே போக முடியாததில் ஒரு நன்மையும் உண்டு. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கணினியின் பாகங்களை அந்த அளவுக்குக் குளிரவைத்தால் அவற்றின் மீதும் நீர்த்துளிகள் படியும். மின்சாரம் ஓடும் இடத்தில் நீர் படிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஐஸ் பொட்டலத்தைக் கணினியின் மேல் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இஸ்திரிப் பெட்டியைவிடச் சூடான இடம்

கணினி எடுத்துக்கொள்ளும் மின்னாற்றலில் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. 65 வாட் என்று குறிக்கப்பட்ட சாதாரணச் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லின் பரப்பளவு 2 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 32 வாட் வெப்பம் பிறக்கிறது. இப்போது 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் பாருங்கள். அதன் அடித்தட்டு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தில், இஸ்திரிப் பெட்டியைவிட ஆறு மடங்கு நெருக்கமாக வெப்பம் பிறக்கிறது.

இந்த வெப்பம் ஒரு பயணம் போக வேண்டும். சில்லிலிருந்து அதன் உலோக மூடிக்கு; மூடியிலிருந்து ஹீட்சிங்க் என்று சொல்லப்படும் உலோகத் தகடுகளின் அடுக்குக்கு; தகடுகளிலிருந்து காற்றுக்கு; அந்தக் காற்றோடு கேசிங்கை விட்டு வெளியே. முதல் இரண்டு கட்டங்கள் வெப்பக் கடத்தல். பின்னிரண்டும் வெப்பச்சலனம். விசிறிக்கு வேலை இருப்பது பின்னிரண்டு கட்டங்களில் மட்டுமே.

மூடிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே தடவப்படும் பசையைப் பார்த்திருக்கிறீர்களா? கடைகளில் தெர்மல் பேஸ்ட் என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு உலோகப் பரப்புகள் கண்ணுக்கு எவ்வளவு வழவழப்பாகத் தெரிந்தாலும், அவற்றுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் இருக்கும். அவற்றில் காற்று தங்கும். செம்பு வெப்பத்தைக் காற்றைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு நன்றாகக் கடத்தும். அப்படியானால் நடுவே சிக்கிய காற்று எவ்வளவு பெரிய தடை என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பசை. பசை காய்ந்துவிட்டால் வெப்பம் தகடுகளுக்கே வந்து சேராது. பிறகு விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் பயனில்லை.

தகடுகள் எதற்கு? வீட்டில் சூடான சோற்றைச் சீக்கிரம் ஆறவைக்க அம்மா என்ன செய்வார்? அகலமான தட்டில் பரப்பி வைப்பார். பரப்பு கூடினால் வெப்பம் காற்றுக்குப் போகும் வாசலும் கூடும். ஹீட்சிங்கின் தகடுகளும் அப்படித்தான். சிறிய சில்லின் வெப்பத்தைப் பெரிய பரப்பில் விரித்து வைக்கின்றன.

வெப்பம் குறைவாக இருந்தால் விசிறியே இல்லாமலும் சமாளிக்கலாம். 1984இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதல் மேகின்டாஷ் கணினியில் விசிறி கிடையாது. சூடான காற்று தானாக மேலெழுந்து, பெட்டியின் மேற்புறத் துளைகள் வழியாக வெளியேறியது. 1987இல் வந்த மேகின்டாஷ் எஸ்.இ. மாடலில் விசிறி வந்துவிட்டது. இன்று விளையாட்டுக்குப் பயன்படும் மேசைக் கணினியை அந்த முறையில் குளிர்விக்க நினைப்பதே வீண்.

தாளும் பேனாவும் எடுங்கள்

எத்தனை விசிறி போதும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கணினி விளையாட்டின்போது மொத்தம் 300 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்று கொள்வோம். அதாவது ஒரு விநாடிக்கு 300 ஜூல்.

ஒரு கன மீட்டர் காற்றின் பொருண்மை ஏறக்குறைய 1.2 கிலோகிராம். ஒரு கிலோகிராம் காற்றை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 1,000 ஜூல் வேண்டும். ஆகவே ஒரு கன மீட்டர் காற்றை 10 டிகிரி சூடாக்க 12,000 ஜூல். கணினிக்குள் நுழையும் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டும் என்றால், 300ஐ 12,000ஆல் வகுக்க வேண்டும். விடை 0.025 கன மீட்டர். விநாடிக்கு 25 லிட்டர் காற்று.

இப்போது காற்றின் அளவை இரு மடங்காக்குங்கள். 50 லிட்டர் ஓடினால் காற்று 5 டிகிரிதான் சூடாகும். 5 டிகிரி லாபம். மறுபடியும் இரு மடங்காக்கி 100 லிட்டர் ஆக்கினால் 2.5 டிகிரி. இந்த முறை லாபம் 2.5 டிகிரி மட்டுமே. அதற்கடுத்த மடங்கில் 1.25. செலவு ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது, பயனோ பாதியாகிறது.

தடையே இல்லாத இடத்தில் 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று முழு வேகத்தில் விநாடிக்கு 25 முதல் 30 லிட்டர் காற்றைத் தள்ளும். கேசிங்குக்குள் வடிகட்டியும் கம்பிகளும் குறுக்கே வருவதால் அது குறையும். எனவே பெரும்பாலான வீட்டுக் கணினிகளுக்கு இரண்டோ மூன்றோ நல்ல விசிறிகள் போதும். எட்டு விசிறி மாட்டுவதற்கு அறிவியல் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேகத்தைக் கூட்டலாமே என்பீர்கள். விசிறியின் வேகத்தை இரு மடங்காக்கினால் காற்றும் ஏறக்குறைய இரு மடங்காகும். ஆனால் அதைச் சுற்றத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகிவிடும். சத்தமும் பக்கத்து அறை வரை கேட்கும்.

நுழைவாசல், வெளிவாசல்

எண்ணிக்கையைவிட முக்கியம் திசை. குளிர்ந்த காற்று முன்புறம் கீழே நுழைந்து, செயலியையும் கிராபிக்ஸ் கார்டையும் தொட்டு, பின்புறம் மேலே வெளியேற வேண்டும். சூடான காற்று இயல்பாகவே மேலே எழும். நாமும் அந்தப் பக்கமே தள்ளிவிட்டால் போதும்.

இதில் நானே ஒருமுறை தவறு செய்திருக்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில் என் கணினிக்குப் பின்புறம் புதிய விசிறி ஒன்றை ஆசையாக மாட்டினேன். வெப்பநிலை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. விசிறியைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். முன் விசிறியும் உள்ளே ஊதியது, பின் விசிறியும் உள்ளே ஊதியது. சூடான காற்றுக்கு வெளியேற ஒழுங்கான வாசல் இல்லை.

விசிறியின் சட்டத்தையும் நடுவில் உள்ள மோட்டாரையும் இணைக்கும் குச்சிகள் தெரியும் பக்கம்தான் பொதுவாகக் காற்று வெளியேறும் பக்கம். சந்தேகம் இருந்தால் டிஷ்யூ தாளின் மெல்லிய கீற்று ஒன்றை வெளியிலிருந்து காட்டுங்கள். விசிறியை நோக்கி இழுக்கப்பட்டால் அது நுழைவாசல். விலகிப் பறந்தால் வெளிவாசல்.

கணினி இருக்கும் இடத்தையும் பாருங்கள். மேசையின் கீழ் உள்ள மூடிய அலமாரிக்குள் வைத்தால், வெளியேறிய சூடான காற்றையே அது மறுபடியும் இழுத்துக்கொள்ளும். சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். அறையின் சன்னலையும் மறக்காதீர்கள். ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார். 300 வாட் கணினி ஓடும் சிறிய அறை, மூன்று பேர் கூடுதலாக உட்கார்ந்திருக்கும் அறைக்குச் சமம்.

சிலர் கேசிங்கின் பக்கக் கதவையே கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைக்கிறார்கள். அப்போது சூடு குறையவும் செய்யும். ஆனால் அப்படிக் குறைந்தால் உங்கள் கேசிங்கில் காற்றின் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்வதை விட்டுவிட்டுக் கதவைத் திறந்தே வைத்தால் தூசியும் எறும்பும் உள்ளே குடியேறும். சுவர்ப் பல்லி ஒன்று மதர்போர்டில் ஏறி மின்சுற்றைக் குறுக்கிட்டால் கதை முடிந்தது.

சனிக்கிழமை நாங்கள் பார்த்தது

அந்த மாணவனின் கணினியை முதலில் திறக்கவில்லை. இயக்கி, செயலியின் வெப்பநிலையைத் திரையில் காட்டும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தோம். சில நிமிடங்களில் 90ஐத் தாண்டியது. இன்றைய செயலிகள் பலவற்றுக்கு 95 முதல் 100 டிகிரி வரைதான் மேல்வரம்பு. அதை நெருங்கியதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் சூடு அடங்காவிட்டால் கணினி அணைந்துவிடும். அந்தக் கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அணைந்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் அதைச் சாவு என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு மின்கம்பியைக் கழற்றிவிட்டுத் திறந்தோம். விசிறி நன்றாகவே சுற்றக்கூடிய நிலையில் இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் இருந்த தகடுகளைக் காணோம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளிகள் முழுவதும் சாம்பல் நிறத் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. விசிறி இத்தனை நாளாகக் கம்பளிச் சுவர் ஒன்றின் மீது ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. இன்னும் மூன்று விசிறி மாட்டியிருந்தாலும் அந்தச் சுவர் அங்கேயேதான் இருந்திருக்கும்.

மென்மையான தூரிகையால் தூசியை நீக்கினோம். காய்ந்துபோன பழைய பசையைத் துடைத்து, 15 ரிங்கிட்டுக்கு வாங்கிய புதிய பசையைத் தடவினோம். மறுபடியும் அதே வேலையைக் கொடுத்து இயக்கினோம். வெப்பநிலை 72இல் வந்து நின்றது. ஒரு மணி நேரம் ஆகியும் அணையவில்லை.

நீங்களும் செய்யலாம். ஆனால் பெற்றோரின் அனுமதியோடு, சில விதிகளோடு. மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பிறகு கணினியின் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்னூட்டத்தைப் போக்குங்கள். உள்ளே தொடுவதற்கு முன் கேசிங்கின் உலோகப் பகுதியைத் தொட்டு, உங்கள் உடலில் இருக்கும் நிலைமின்னையும் போக்கிக்கொள்ளுங்கள். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே தூசியை நீக்குங்கள். காற்றை ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாடில்லாமல் சுற்றினால் அது கெட்டுப்போகலாம். பவர் சப்ளை பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். மின்கம்பியைக் கழற்றிய பிறகும் அதன் உள்ளே ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். ஹீட்சிங்கைக் கழற்றுவதாக இருந்தால் அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

"அழகுக்காக மாட்டக் கூடாதா?"

தாராளமாக மாட்டுங்கள். உங்கள் கணினி, உங்கள் விருப்பம். ஆனால் விளக்குக்குக் கொடுக்கும் பணத்தைக் குளிர்விப்பதற்குக் கொடுத்த பணம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். நீரால் குளிர்விக்கும் அமைப்பு வாங்கினால் விசிறிப் பிரச்சினையே இருக்காது என்று சொல்பவர்களும் உண்டு. அந்த நீர் வெப்பத்தைச் சுமந்துகொண்டு எங்கே போகிறது? இன்னொரு தகட்டு அடுக்குக்கு. அங்கே அதைக் குளிர்விப்பது மறுபடியும் விசிறியும் அறைக் காற்றும்தான்.

எல்லாப் பழுதுக்கும் தூசிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பவர் சப்ளை கெட்டிருந்தாலும் கணினி அணையும். அதனால்தான் முதலில் வெப்பநிலையை அளக்க வேண்டும் என்கிறேன். அளந்து பார்க்காமல் வாங்குவதும் எறிவதும் அறிவியல் படிக்கும் மாணவருக்கு அழகல்ல.

இதே கணக்கைப் பெரிய அளவில் போடுபவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஜோகூரில் தரவு மையங்கள் வரிசையாக எழும்பி வருகின்றன. சிங்கப்பூரின் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் 2023இல், வெப்பமண்டலத் தரவு மையங்கள் படிப்படியாக 26 டிகிரியிலும் அதற்கு மேலும் இயங்குவதற்கான தரநிலையை அறிமுகப்படுத்தியது. அறையைத் தேவைக்கு மேல் குளிராக்கி மின்சாரத்தை வீணாக்க வேண்டாம் என்பதே அதன் நோக்கம். உங்கள் மேசையின் கீழ் இருக்கும் பெட்டியைப் புரிந்துகொண்டால், நாளை அந்த வேலைக்குப் போக முதல் பாடம் படித்துவிட்டீர்கள் என்று பொருள்.

இந்த வார இறுதியில் ஒரு சோதனை செய்யுங்கள். கணினியை அரை மணி நேரம் ஓடவிட்டு, காற்று நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் வெப்பமானியை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். தூசியை நீக்கிய பிறகு மறுபடியும் அளந்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். செயலியின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுங்கள். எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதாவது வந்தால் இன்னும் நல்லது. ஏன் என்று உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

அந்த மாணவனைப் போன வாரம் பார்த்தேன். கணினி ஓடுகிறதாம். அங்பாவ் பணத்தில் 105 ரிங்கிட் மிச்சம் இருக்கிறது. "டீச்சர், விளக்கு வைத்த விசிறி ஒன்றே ஒன்று வாங்கிக்கட்டுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான்.

"எந்தப் பக்கம் மாட்டுவாய்?" என்று கேட்டேன்.

"முன்னால, கீழே. காற்று உள்ளே வர்ற மாதிரி. பின்னால ஒன்னு ஏற்கனவே வெளியே தள்ளுது" என்றான்.

வாங்கிக்கொள் என்றேன்.